புகைபோக்கிக்கு ஒரு மூடி

கேஸ் கிடைக்காமற்போன வருடத்தில் எங்கள் பின்வளவில் ஒரு விறகடுப்புக் கட்டினோம். எண்பத்து நான்கு செங்கல் போனது. எண்பத்தாறு இறக்கியிருந்தோம், இரண்டு உடைந்து வந்தன. மேசன் அடுப்பைச் சுவரோடு ஒட்டிக் கட்டப் பார்த்தான். நான் விடவில்லை. சுவருக்கும் அடுப்புக்கும் நடுவில் இரண்டு முழம் விடச் சொன்னேன்.

"இந்த வீட்டுல அடுப்புக்கும் தனிக் காணி வேணுமாம்" என்று அவன் கையாளிடம் சொன்னான். என் காதில் விழ வேண்டும் என்றுதான் சொன்னான்.

எங்கள் சமையல் கொட்டிலுக்குத் தென்னோலை பின்னிய கிடுகுக் கூரை. கிடுகைத் துளைத்துத் தகரக் குழாயை வெளியே விடுவது ஆபத்தான வேலை. குழாயைச் சுற்றி ஒரு முழச் சதுரத்துக்குக் கிடுகை வெட்டி எடுத்துவிட்டு அந்த இடத்தில் தகரம் அடிக்க வேண்டும். குழாய்க்கும் தகரத்துக்கும் இடையில் களிமண்ணும் மணலும் குழைத்துப் பூச வேண்டும். குழாயின் வாய் முகட்டுக்கு மேலே மூன்று முழமாவது நிற்க வேண்டும். இல்லாவிட்டால் முகட்டில் மோதித் திரும்புகிற காற்று புகையை மறுபடி உள்ளே தள்ளிவிடும். உப்பளத்தில் களஞ்சியப் பொறுப்பாளனாக இருந்த காலத்தில், கொதிகலன் அறைக்கு வந்த ஓர் ஆங்கிலக் கையேட்டில் இவற்றைப் படித்திருந்தேன். மற்றவர்கள் அந்தக் கையேட்டைத் தேநீர்க் கோப்பைக்கு அடியில் வைத்தார்கள்.

ஐந்து துண்டுக் குழாய் போட்டோம். விறகை அடுப்பிலிருந்து தள்ளி அடுக்க வைத்தேன். சவுக்கு விறகு, சிரட்டை, காய்ந்த மட்டை. ஈரமான எதையும் உள்ளே விடவில்லை. ஈர விறகின் புகை குழாயின் உட்புறத்தில் தார்போலப் படியும். ஒருநாள் அந்தத் தாரே தீப்பிடிக்கும். சாம்பலை அள்ளி இரும்பு வாளியில் போட்டு மூடி வைக்கச் சொன்னேன், ஏனென்றால் ஆறிவிட்டது போலத் தெரிகிற சாம்பலுக்குள் தணல் கிடக்கும். இரண்டு வாளி மணல் எப்போதும் வாசலில் நின்றது. மாதம் ஒருமுறை நானே ஏணியில் ஏறி, கயிற்றின் நுனியில் கல்லையும் தென்னந் தும்புக்கட்டையும் கட்டிக் குழாய்க்குள் இறக்கி இழுத்துக் கரியை உதிர்ப்பேன். அப்போது எனக்கு எழுபத்து மூன்று வயது. ஏணியைப் பிடித்துக்கொண்டு கீழே நிற்பவள் என் மனைவி.

"விழுறதெண்டா சொல்லிட்டு விழுங்க" என்பாள். "நான் தள்ளி நிக்கோணும்."

பிறகு கேஸ் வந்தது. முதல் சிலிண்டர் மருமகளின் சமையலறைக்குப் போனது. அது வீட்டுக்குள்ளே, மாபிள் பதித்த அறை. அடுப்பை உடைத்துவிடலாம் என்று நான் மகனிடம் சொன்னேன். என் மனைவிக்கு முன்பே கொஞ்சம் இழுப்பு இருந்தது. விறகுக்குத் திரும்பிய மாதங்களில் அது கூடிவிட்டது. இரவில் அவளுடைய நெஞ்சுக்குள் மெல்லிய விசில் ஒன்று கேட்கும். எனக்கு அதுதான் பயம். உடைக்க இன்னும் நல்ல காரணம் தேவையென்று நான் நினைக்கவில்லை.

மகன் நினைத்தான். அவனிடம் விருந்தாளிகளுக்கு வாடகைக்கு விடும் நான்கு கபானா இருந்தன. மே மாதம் கச்சான் காற்று கடலிலிருந்து அறையத் தொடங்கினால் பெரிய பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் கைட் ஓட்டுகிற வெள்ளைக்காரர்கள் எங்கள் ஆலங்குடாவுக்கு வந்து விடுவார்கள். அவர்களில் ஒருத்தி புகை மணத்தைப் பிடித்துக்கொண்டு பின்வளவுக்கு வந்து, அடுப்புக்கு முன்னால் குந்தியிருந்து, என் மனைவி தட்டிப்போட்ட தேங்காய் ரொட்டியைச் சட்டியிலிருந்தே எடுத்துத் தின்றாள். அதைத் தன் போனில் எழுதினாள். அதை வாசித்தவர்கள் வந்தார்கள். அவர்கள் எழுதியதை வாசித்து இன்னும் சிலர் வந்தார்கள்.

"வாப்பா, கேஸ்ல ஆக்கின சோத்த அவங்கட ஊர்லயும் திங்கலாம்" என்றான் மகன். "இங்க வாற இந்த அடுப்புக்கும் உம்மாக்கும்தான்."

அவர்கள் அவளை மம்மா என்று அழைத்தார்கள். மகன் அவர்கள் எழுதியதைத் தமிழில் சொல்லிச்சொல்லிக் காட்டுவான். மம்மாவின் கறி, மம்மாவின் சிரிப்பு. எழுபத்தொரு வயதில், வாழ்க்கையில் முதல்தடவையாக, தன் சமையலைப் பற்றி யாரோ எழுதியதை அவள் கேட்டாள். நான் ஐம்பது வருடம் சாப்பிட்டேன். உப்புக் கூடினால் மட்டும் வாயைத் திறந்தேன். இதையும் அவள் எனக்குச் சொல்லிக் காட்டினாள்.

அந்தப் பருவத்தில் ஒரு மதியத்துக்குப் பதினெட்டு, இருபது பேர் சாப்பிட்டார்கள். கொட்டிலுக்கு வெளியே, தென்னைகளுக்குக் கீழே, பாய் விரித்து உட்காருவார்கள். அதே பருவத்தில்தான் மகன் குறிஞ்சிப்பிட்டிக் கரையில் உக்கிக் கிடந்த மரத்தோணி ஒன்றை வாங்கிவந்தான். நல்ல பலகைகளை அறுத்து, உட்கார ஒரு வாங்கும் கபானாவுக்குப் பெயர்ப்பலகையும் செய்தான். மிஞ்சிய துண்டுகளை அடுப்புக்குப் பக்கத்தில் அடுக்கினான். நான் ஒரு துண்டை எடுத்து நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். பச்சைக்குக் கீழே நீலம், நீலத்துக்குக் கீழே சிவப்பு, ஏழு பூச்சு எண்ணினேன். அடியில் தார். மரத்துக்குள் எத்தனையோ வருடத்து உப்புத் தண்ணீர்.

அந்தத் துண்டு நெருப்புக்குள் போனதும் சுவாலை நீலமாகவும் பச்சையாகவும் எழுந்தது. வெள்ளைக்காரர்கள் கைதட்டினார்கள். ஒருத்தன் எழுந்துநின்று விசிலடித்தான். அன்றிலிருந்து ஒவ்வொரு மதியமும் அவர்கள் பார்க்கும்போது தோணிப்பலகை ஒன்றை அடுப்புக்குள் வைப்பது வழக்கமாகிவிட்டது. கடற்கரையில் தோணிப்பலகையை எல்லோருந்தான் எரிக்கிறார்கள். ஆனால் வெளியில் எரிக்கிறார்கள், வலை காயவைக்கும் இடத்தில், காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

"அந்தப் பெயின்ட்ல ஈயம் இரிக்கி, செம்பு இரிக்கி" என்றேன். "அந்தப் புகை நஞ்சு. உப்பு அந்தக் குழாயையும் தின்னும்."

"ஒங்கட கண்ணுக்கு நெருப்புலயும் குத்தம்" என்றான் மகன்.

அடுத்த துண்டை என் மனைவி தன் கையாலேயே எடுத்து வைத்தாள். "நாலு பேர் கைதட்டினா ஒங்களுக்கு ஏன் நோகுது?" என்று கேட்டாள். பிறகு இருமினாள். அந்த இருமல் முடிவதற்குள் ரொட்டியின் ஒரு பக்கம் கருகிவிட்டது. கருகியதை எனக்கென்று எடுத்து வைத்தாள்.

யூலையில் காற்று இன்னும் பலத்தது. குழாயிலிருந்து வெளியேறிய புகை, காற்றின் வேகத்தில் மேலே போகாமல் சாய்ந்து, பாயில் உட்கார்ந்திருந்தவர்கள் மீது இறங்கியது. ஒருத்தி எழுதிவிட்டாள்: சாப்பாடு அருமை, ஆனால் சாப்பிடும்போது கண் எரிகிறது. மகன் அதை இரண்டு தடவை வாசித்தான். மறுநாள் காலையில் ஏணியைச் சாத்தி, குழாயின் வாய்க்கு ஒரு தகர மூடி செய்து, கம்பி போட்டுக் கட்டினான். கீழேயிருந்து கம்பியை இழுத்தால் மூடி மூடிக்கொள்ளும்.

"என்ன இது?" என்று கேட்டேன்.

"ஒரு மணித்தியாலந்தான் வாப்பா. அவங்க திண்டு எழும்பினதும் தொறந்துவிடலாம்."

"அந்த ஒரு மணித்தியாலமும் புகை எங்க போற?"

"கதவு இரிக்கிதானே."

"நெருப்ப அணைச்சிட்டு மூடு."

"ரொட்டி சூடா வேணுமே."

"அப்ப அந்தப் புகைக்குள்ள யாரு நிக்கிற?"

அவன் கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தான். பதிலை என் மனைவி சொன்னாள்.

"நான்தான் நிக்கிற. எனக்கொண்டும் ஆகாது மகன், நீ கட்டு. இந்த மனிசன் பொறந்ததே பயப்படத்தான்."

மருமகள் தன் சமையலறை வாசலில் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள். "மாமி பழகினவங்க மாமா" என்றாள். "எனக்கு வீசிங் இரிக்கி. இல்லாட்டி நானே நிப்பேன்."

வீசிங் இருக்கிறவள் வெளியில் நின்றாள். அதே வருத்தத்துக்கு ஆங்கிலப் பெயர் தெரியாதவள் உள்ளே நின்றாள்.

மறுநாளே ஏணியில் ஏறி மூடியின் கம்பியை அறுத்தேன். மகன் தடித்த கம்பி போட்டான். அதையும் குறடு கொண்டு அறுத்தேன். அதன்பிறகு அவன் ஏணியைத் தூக்கிக்கொண்டுபோய்க் கடைசிக் கபானாவுக்குப் பின்னால் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டான்.

"விழுந்து இடுப்ப ஒடிச்சிக்கிட்டா ஒங்களத் தூக்குற யாரு?" என்று விருந்தாளிகளுக்கு முன்னால் சத்தமாகக் கேட்டான். பிறகு அவர்களுக்கு ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தான். அவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நல்ல பிள்ளை என்று ஒருவர் சொன்னார். என் ஆங்கிலம் மகனுடைய ஆங்கிலத்தைவிட நல்லது.

கொட்டிலின் சுவரில் முப்பத்திரண்டு காற்றுத் துளைகள் இருந்தன. பக்கத்துக்குப் பதினாறு. புகை இப்போது துளைகள் வழியாக வெளியேறுகிறது என்று பாய்ப்பக்கத்துத் துளைகளையும் பலகை வைத்து அடித்துவிட்டான். மிஞ்சிய பதினாறும் காற்று வருகிற பக்கம். அவற்றால் புகை போகாது. காற்று உள்ளே வந்து அதைக் கலக்கிவிடும். மதியத்தில் நான் கதவருகே நின்று பார்ப்பேன். அவளுடைய தலை தெரியாது. ரொட்டி தட்டுகிற சத்தம் மட்டும் கேட்கும். படம் எடுக்க யாராவது வந்தால் மகன் ஓடிவந்து மூடியைத் திறப்பான். புகை மெல்லக் கலையும். துளைகளின் வழியே வெயில் கோடுகோடாக இறங்கும். படம் நன்றாக வரும்.

"வெளிய வா" என்று ஒருநாள் சொன்னேன். "கொஞ்சம் காத்துப் புடி."

"என்ன எண்ணிக்கிட்டே நிக்கிறீங்க?" என்றாள் அவள், புகைக்குள் இருந்து. "நான் மௌத்தாப்போனா எத்தின பேர் அடக்கத்துக்கு வாறாங்கண்டு அப்ப எண்ணுங்க. இப்ப அந்தக் கொள்ளிய எடுத்துத் தாங்க."

எடுத்துக் கொடுத்தேன். சவுக்குக் கொள்ளியாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தேன். அன்றைக்கு என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

அது ஓகஸ்ட் மாதம். பாயில் பத்தொன்பது பேர் இருந்தார்கள். நீல நெருப்புக் காட்டி முடிந்து, மூடியும் சாத்தியாகிவிட்டது. நான் மணல் வாளிகளுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தேன். ரொட்டி தட்டுகிற சத்தம் நின்றது. பிறகு அவள் தட்டை ஏந்திக்கொண்டு வெளியே வந்தாள். தட்டில் ஆறு ரொட்டி இருந்தது. முகம் சாம்பல் நிறத்தில் இருந்தது, உதடு கறுத்திருந்தது. நாலைந்து அடி நடந்து தட்டைப் பாயின் ஓரத்தில், சாயாமல், கவனமாக வைத்தாள். பிறகு முழங்காலில் விழுந்து, இரண்டு கைகளையும் மணலில் ஊன்றி, நெற்றியைத் தரையில் வைத்தாள். மூச்சு வாங்க முடியாதவர்கள் அப்படிக் குனிவார்கள். எனக்குத் தெரியும்.

வெள்ளைக்காரர்களுக்குத் தெரியவில்லை. முக்காடு போட்ட ஒரு மனுசி நெற்றியை மணலில் வைத்திருக்கிறாள். ஒருத்தி உதட்டில் விரலை வைத்து மற்றவர்களை அமைதியாக இருக்கச் சொன்னாள். பத்தொன்பது பேரும் சாப்பிடுவதை நிறுத்தினார்கள். சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவ்வளவு மரியாதையை நான் எந்தப் பள்ளிவாசலிலும் கண்டதில்லை. ஒருவரும் எழும்பவில்லை. எனக்குக் கதிரையிலிருந்து எழும்ப நேரம் எடுக்கும். நான் போய்ச் சேருமட்டும் அவள் அப்படியே கிடந்தாள். நான் கத்திய பிறகும் ஒருத்தன், கிழவன் தொழுகையைக் குழப்புகிறான் என்பது போல, என் கையைப் பிடித்தான்.

மகன் ஓடிவந்தான். அவளைத் தூக்கினோம். மருமகள் ஓட்டோவுக்குச் சொன்னாள். புத்தளம் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் அவளுடைய வாய் மீன்வாய் போலத் திறந்து திறந்து மூடியது. நான் அவளுடைய மூச்சை எண்ணவில்லை. அந்த ஒரு பயணத்தில் மட்டும் என்னால் எண்ண முடியவில்லை.

மூக்கில் குழாய் வைத்தார்கள். மறுநாள் இளம் டொக்டர் ஒருவர் வந்தார். சிங்களவர், தமிழ் நன்றாகவே பேசினார்.

"அம்மா சிகரட் குடிக்கிறதா?" என்று கேட்டார்.

என் மனைவி சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, தாதி வந்து கட்டிலை நிமிர்த்த வேண்டியிருந்தது. டொக்டர் என்னை வெளியே கூப்பிட்டார். நுரையீரலில் பாதிக்குமேல் இனி வேலைக்கு உதவாது என்றார். போனது திரும்பி வராது, இருப்பதைக் காப்பாற்றலாம். விறகு, சிரட்டை, குப்பை, சாம்பிராணி, எந்தப் புகையும் இனிக் கூடாது. இன்னொரு தடவை இப்படி வந்தால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர நேரம் கிடைக்காமற் போகலாம். அவளிடம் அதை அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

மகனிடம் சொன்னேன். அவன் பக்கத்துக் கட்டிலில் கிடந்தவரைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

"டொக்டர்மார் எல்லாருக்கும் அப்பிடித்தான் சொல்ற வாப்பா."

ஆஸ்பத்திரியிலிருந்து நான் அவளை ஆலங்குடாவுக்குக் கொண்டுபோகவில்லை. முந்தல் என்ற ஊரில் எங்கள் மகள் இருக்கிறாள். அவளுடைய கணவர் இறால் பண்ணையில் வேலை. வீட்டில் கேஸ் அடுப்பு. போன அன்றே சிலிண்டரின் குழாயில் சவர்க்கார நுரை தடவிக் கசிகிறதா என்று பார்த்தேன். கசியவில்லை. மகள் என் மனைவிக்கு வெங்காயம் உரிக்கக் கொடுத்தாள். உரித்து முடிந்ததும் அவள் சுவரைப் பார்த்தபடி கதிரையில் இருப்பாள். அவளுடைய நெஞ்சு விசில் மெல்ல மெல்லக் குறைந்தது. பேச்சும் அதோடு சேர்ந்து குறைந்தது.

அடுத்த மே மாதம் மகன் ஓட்டோவில் வந்தான். போன வருடம் வந்தவர்களில் பதினான்கு பேர் திரும்பி வருகிறார்களாம். மம்மா எங்கே என்று முதலே கேட்டு எழுதியிருக்கிறார்களாம்.

"மூடியக் கழட்டிட்டேன்" என்றான். "தோணிப் பலகையும் முடிஞ்சி. ஒரே ஒரு கிழமை. உம்மா சும்மா அடுப்புக்கிட்ட இருந்தாப் போதும்."

என் மனைவி அறைக்குள்ளிருந்து வந்தாள். நல்ல சாரி உடுத்து, முக்காட்டுக்கு ஊசி குத்தி, கையில் பையும் எடுத்திருந்தாள். இருவரும் எனக்குத் தெரியாமல் போனில் கதைத்து முடித்திருக்கிறார்கள். பல மாதங்களுக்குப் பிறகு அவளுடைய முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. அவள் செருப்பைப் போடும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு டொக்டர் என்னிடம் சொன்னதை முழுவதும் சொன்னேன். மகள், மருமகன், மகன், வாசலில் நின்ற ஓட்டோக்காரர், எல்லோரும் கேட்கும்படி சொன்னேன். பாதிக்குமேல் போய்விட்டது என்றதையும், அடுத்த தடவை வழியிலேயே முடியலாம் என்றதையும் ஒன்றையும் குறைக்காமல் சொன்னேன். சொல்லும்போது அவளுடைய முகத்தைப் பார்த்தேன். அந்த வெளிச்சம் எவ்வளவு விரைவாகப் போனது என்பதையும் பார்த்தேன்.

"இப்ப மனசுல இருந்தது எறங்கிட்டா ஒங்களுக்கு?" என்று அவள் என்னைக் கேட்டாள். "சொல்லி முடிஞ்சா?"

"முடிஞ்சி."

அவள் செருப்பைக் கழற்றினாள். மகன் தேத்தண்ணி குடிக்காமலே போனான். வாசலில் திரும்பி, "வாப்பாக்கு இப்ப நிம்மதிதானே" என்றான்.

அவன் போன பிறகு அவள் கதிரையில் இருந்தாள். பை மடியில் இருந்தது.

"என்ட உசிரப் புடிச்சி வெச்சிட்டீங்க" என்றாள். "அத வெச்சிக்கிட்டு இனி நான் என்ன செய்ற?"

"மூச்சு விடு" என்றேன்.

இப்போது அந்த அடுப்புக்கு முன்னால் மருமகள் நிற்கிறாள். முக்காட்டுக்கு மேலே பழைய சாரித் துண்டு கட்டி, படங்களுக்குச் சிரிக்கிறாளாம். போன கிழமை மகனுக்குத் தெரியாமல் எனக்குப் போன் எடுத்தாள். குரல் அடைத்திருந்தது.

"மாமா, அந்தக் குழாய எப்பிடித் துப்புரவாக்குற? புகை இழுக்கிதே இல்ல."

கயிறு, தும்புக்கட்டு, நுனியில் முட்டையளவு கல் என்று சொன்னேன். அடுப்பு நன்றாக ஆறிய பிறகுதான் இறக்க வேண்டும். குழாயில் உப்பு அரித்த ஓட்டை இருக்கிறதா என்று வெயிலுக்கு எதிரே பார்க்க வேண்டும். ஓட்டை இருந்தால் அந்தத் துண்டையே மாற்ற வேண்டும், கிடுகுக்குள் ஒரு பொறி போதும். அவள் 'ஓம் மாமா, ஓம் மாமா' என்று கேட்டுக்கொண்டு இருமினாள். ஏணியின் சாவியை மகனிடம் வாங்கு என்று நான் சொல்லும்போது, பின்னால் அவனுடைய குரல் கேட்டது.

"யாரோட கதைக்கிற?"

போன் அறுந்தது.

என் மனைவி கதிரையில் இருந்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். குழாயைப் பற்றியோ இருமலைப் பற்றியோ அவள் கேட்கவில்லை.

"அவள்ட ரொட்டி எப்பிடியாம்?" என்றாள். "வாறவங்க என்ன சொல்றாங்களாம்?"

விருந்தாளிகள் எழுதியதை மகன் முந்தின நாள் மகளின் போனுக்கு அனுப்பியிருந்தான், நான் வாசித்திருந்தேன். நன்றாக இருக்கிறது என்றுதான் எழுதியிருந்தார்கள். போன வருடத்தைவிட மெல்லிசாக இருக்கிறது என்று ஒருவர் எழுதியிருந்தார்.

அதையும் சொன்னேன்.

அவள் கையை நீட்டி, மேசையில் இருந்த, மூச்சுக்கு மருந்து இழுக்கிற பம்பைக் கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன். இரண்டு தடவை இழுத்தாள். பிறகு கதிரையை இன்னும் கொஞ்சம் சுவர்ப்பக்கம் திருப்பினாள்.